நீலம் வரட்டும்

மண்ணெண்ணெய் ஹீட்டருக்கு முன்னால் அவன் குந்தியிருப்பதைப் பார்த்தால், பேச்சு வராத குழந்தை முதல் சொல்லைச் சொல்லப்போகிறது என்று காத்திருப்பவன் போல இருக்கும். முழங்கால்களைக் கைகளால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, முன்பக்கத்து மைக்கா ஜன்னல் வழியே உள்ளே எரியும் திரியையே பார்ப்பான். சுடர் முதலில் மஞ்சளாக எழும்பும். ஆடும். நுனியில் கறுப்பாகப் புகை பிரியும். அவன் அசைய மாட்டான். வெளியே லாரி உறுமிக்கொண்டு நிற்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பாக்கி இருக்கும். நான் வாசலிலேயே நின்றபடி, "போலாமா தம்பி?" என்பேன்.

"நீலம் வரட்டும்ணே."

வரும். எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. மஞ்சள் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, திரியின் விளிம்பில் ஒரு வளையமாக நீலம் நிற்கும். காலைக் கடலுக்கு ஒரு நிறம் உண்டே, அந்த நீலம். சத்தம் இருக்காது, புகை இருக்காது. அறையில் சூடு பரவத் தொடங்கும். அவன் ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எழுந்து, அந்த வீட்டுப் பெரியவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வருவான். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். சில நாள் கால் மணி நேரமும் ஆகும்.

நான் சொல்வது குவைத்தில், மங்காஃபில், எழுபதுகளின் நடுவில். குளிர்காலத்தில் வயதானவர்களின் வீடுகளுக்கு அரசாங்கம் மண்ணெண்ணெய் இலவசமாகக் கொடுத்தது. வீட்டுக்கு வாரம் ஒரு தகரம். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எங்கள் கம்பெனியிடம் இருந்தது. அவன் லாரி ஓட்டுவான். நான் பின்னால் இருக்கும் டேங்கில் குழாயைத் திறந்து தகரத்தில் பிடித்து, வீட்டு வாசலில் வைப்பேன். எனக்கு அப்போது முப்பது வயது. அவனுக்கு இருபத்தாறு. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். வயதில் சின்னவன்தான், ஆனால் லாரி அவன் கையில் இருந்தது. எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் அவன் கையில்தான் இருந்தது.

அவன் பெயரை எழுதவில்லை. எங்கேயாவது இருப்பான். யாராவது இதைப் படித்துக்காட்டினால் கூச்சப்படுவான். கூச்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அங்கே குளிர் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். பாலைவனத்தில் கணப்புக்கு எண்ணெயா என்றார்கள். வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். காலை ஐந்தரை மணிக்கு டேங்கின் இரும்புக் குழாயைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டதுபோல வலிக்கும். சில நாள் பனிமூட்டம் இறங்கிவிடும். அப்போது கடலும் இருக்காது, ரோடும் இருக்காது. தெற்கே எண்ணெய்க் கிணறுகளில் எரியும் வாயுவின் வெளிச்சம் மட்டும் பனிக்குள் ஆரஞ்சு நிறத்தில் கசிந்து, சூரியன் தவறான திசையில் உதிக்கிறதோ என்று தோன்றும். தரைக்கு அடியில் அவ்வளவு எண்ணெய். அதற்கு மேலே கட்டிய பழைய மண்சுவர் வீடுகளுக்குள் வயதானவர்கள் போர்வைக்குள் முடங்கிக் கிடப்பார்கள். நாங்கள் அந்த ஆரஞ்சுக்குள் மிதந்துபோய் ஒவ்வொரு கதவாகத் தட்டுவோம். எங்களிடம் இருந்த லிஸ்ட் அரபியில் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது படிக்க வராது. கதவின் நிறத்தை வைத்துத்தான் வீடு தெரியும். சிவப்புக் கதவு, தகரக் கதவு, பச்சைக் கதவு. எண்ணெய் வாங்கியவர் தாளில் கட்டைவிரல் வைப்பார். அதோடு எங்கள் வேலை முடிந்தது. கம்பெனிக் கணக்குப்படி.

சூப்பர்வைசர் மெட்ராஸ்காரர். மங்காஃபிலேயே பிளாட்டில் குடும்பத்தோடு இருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, உள்ளே ஸ்வெட்டர். லாரி லேட்டாக வரும் ஒவ்வொரு நாளும் நாங்கள் தங்கியிருந்த கேம்ப் வாசலில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காண்பிப்பார்.

"ஏம்பா, உன் வேலை என்ன? எண்ணெய் குடுக்கறது. விளக்கேத்தறதுக்கா உன்னை வச்சிருக்கு?"

"கவர்மெண்டு எதுக்கு சார் எண்ணெய் குடுக்குது?"

"குளிருக்கு."

"அப்ப குளிர் போச்சான்னு பாத்துட்டு வர்றேன் சார்."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்யா நீ" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். ஆனால் விடமாட்டார். மறுநாளும் கடிகாரத்தைத் தட்டுவார்.

ஒரு ஜனவரி மாதம் அவருடைய அப்பா மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். சூப்பர்வைசர் கடையில் புது ஹீட்டர் வாங்கினார். இரண்டு நாள் கழித்து எங்கள் ரூமுக்கே வந்து நின்றார். "கொஞ்சம் வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போறியா? ஒரே புகைப்பா. அப்பா இருமறார்" என்றார். போனோம். இவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ், மடித்த துணி மூன்றும் இருக்கும். வைத்தியர் பை மாதிரி. திரியை வெளியே எடுத்து, கருகின விளிம்பைச் சுற்றிலும் சமமாக வெட்டி, பிரஷால் தட்டி, திரும்பப் போட்டுப் பற்றவைத்தான். குந்திக்கொண்டான்.

ஐந்து நிமிடம் போனது. சூப்பர்வைசருக்கு எங்கேயோ போகவேண்டியிருந்தது. "எரியுதே, போதும்ப்பா. மீதியை நான் பாத்துக்கறேன்."

"நீலம் வரட்டும் சார்."

மஃப்ளர் சுற்றிய அவருடைய அப்பா நாற்காலியிலிருந்து, "நீ சும்மா இருடா. வேலை தெரிஞ்சவன் செய்யறான்" என்றார். சூப்பர்வைசர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்டவில்லை.

அதற்குப் பிறகும் லேட்டானால் திட்டினார். முன்னைப்போல் சத்தமாகத் திட்டவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று அவனை ஒருமுறை கேட்டேன். வேலைக்கு வந்த முதல் குளிரில் ஒரு வீட்டில் சுடர் மஞ்சளாக இருக்கும்போதே விட்டுவிட்டு வந்தானாம். அடுத்த வாரம் போனால் அறை முழுக்கக் கரி. சுவர் கறுப்பு. அந்தப் பெரியவரின் வெள்ளைத் தாடியும் கறுப்பு. அவர் கண்ணாடியில் பார்த்து, இளமை திரும்பிவிட்டது என்று சிரித்தாராம்.

"அவரு சிரிச்சாருண்ணே. எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் பொகைய ஒரு வாரம் இழுத்திருக்காரு மனுசன்" என்றான். வேறு காரணம் சொன்னதில்லை. அவன் வீட்டைப் பற்றியும் அதிகம் சொன்னதில்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுதுவான் என்று மட்டும் தெரியும். நான்கு வரிதான் எழுதுவான், அதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வான்.

பச்சைக் கதவு வீட்டைச் சொல்லவேண்டும். ஊரின் கடைசி வீடு அது. அதைத் தாண்டினால் மணலும் கடலும்தான். அங்கே கண் தெரியாத ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் சிட்டியில் இருந்தார்கள். அந்தம்மா எண்ணெய் வாங்க முதலில் சம்மதிக்கவே இல்லை. காரணம் வயது. அந்தக் காலத்து ஆட்களுக்குப் பிறந்த நாள் எழுதிய தாள் கிடையாது. ஆபீஸில் ஒரு டாக்டர் கையையும் பல்லையும் பார்த்து ஒரு வயது போட்டுக் கார்டு கொடுப்பார். அந்தம்மாவுக்கு அறுபத்தைந்து போட்டுவிட்டார். அந்தக் கார்டுக்குத்தான் எண்ணெய். அந்தம்மா கார்டைத் தரையில் போட்டு, "எனக்கு நாற்பது! எடுத்துக்கொண்டு போங்கள் உங்கள் எண்ணெயை" என்று அரபியில் கத்தினார்.

இவனுக்கு அரபி பத்துச் சொல்தான் தெரியும். அதில் தமிழைக் கலந்து, கையையும் சேர்த்துப் பேசுவான். அந்த ஊரில் வயதான பெண்களை "யும்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் "யம்மா" என்று கூப்பிடுவது மாதிரியே இருக்கும். அதனால் அந்த ஒரு சொல் மட்டும் அவன் வாயில் தப்பில்லாமல் வரும்.

"யும்மா, குளிருக்கு அறுபத்தஞ்சு. வெயில் காலம் வந்தா நாப்பது. யாருக்கும் சொல்ல மாட்டோம்" என்று விரலை மடக்கி நீட்டிக் காண்பித்தான்.

அந்தம்மா முகத்துணிக்குள் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர், விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்படியானால் குளிர்காலத்தில் மட்டும் இவள் எனக்குச் சரியான ஜோடி" என்றார். கட்டைவிரல் தாளில் விழுந்தது.

அந்த வீட்டில் அவனுக்கும் அந்தம்மாவுக்கும் வாராவாரம் ஒரு விளையாட்டு நடக்கும். அந்தம்மாவுக்குக் காற்று என்றால் ஆகாது. மண்ணெண்ணெய்ச் சூடு வெளியே போய்விடக்கூடாது என்று கதவிடுக்கு, சுவரின் மேலே இருக்கும் சின்ன ஓட்டை, ஜன்னல் சந்து எல்லாவற்றிலும் கந்தல் துணியைத் திணித்து அடைத்துவிடுவார். இவன் போனதும் முதல் வேலையாக அந்தத் துணியைத் தேடி எடுப்பான். "யும்மா, மூச்சுக்கு வழி வேணும்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டுவான். அடைத்த அறையில் மண்ணெண்ணெய் எரிந்தால் அந்தக் காற்றே விஷமாகிவிடும். கதவுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி, ஒரு விரல் அளவு திறந்து வைப்பான். சூட்டையும் கொண்டுவந்துவிட்டுக் குளிருக்கும் கதவைத் திறக்கிறானே, இவனுக்குப் புத்தி இருக்கிறதா என்று அந்தம்மா புருஷனிடம் முறையிடுவார். அடுத்த வாரம் துணி வேறு இடத்தில் இருக்கும். ஒரு வாரம் மாவுச் சாக்கு, ஒரு வாரம் பழைய கறுப்பு அங்கி. தேடி எடுத்து அவன் ஆணியில் மாட்டும்போது, கடைசி ஓட்டம் வரை பிடிபடாத கோழியைப் பிடித்தவன் மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவான்.

ஆனால் ஒன்று. பெரியவர் உள்ளேயிருந்து "தஃபத்தல்" என்று சொல்லாமல் அந்தப் படியைத் தாண்டவே மாட்டான். வா என்று அர்த்தம். வெளியே நின்று இருமுவான், குரல் கொடுப்பான், அந்தம்மா துணியைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுப்பான். அந்தச் சொல் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவான். மூன்று குளிரிலும் ஒருநாள்கூட இது மாறியதில்லை.

நானோ சொன்னாலும் தாண்ட மாட்டேன். முன்பின் தெரியாத வீடு, அதில் பொம்பளை ஆள், எனக்கு அந்தப் பாஷை பேச வராது. வாசலில் தகரத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். அவன் இருக்கும்வரை அது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது குளிரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கடுமையான சளி. மூக்கு அடைத்து, பேச்செல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. டாக்டர் பதினைந்து நாள் ரெஸ்ட் எழுதினார். லாரிக்கு உருது பேசும் ஒரு பட்டான் டிரைவரைப் போட்டார்கள். முதல் நாள் நான் கிளம்பும்போது, நீலகிரித் தைலம் மணக்கும் போர்வைக்குள்ளிருந்து அந்தக் கத்தரிக்கோலையும் பிரஷையும் எடுத்துக் கொடுத்தான்.

"நீங்க பாத்துக்கங்கண்ணே. நீலம் வந்தப்புறம் வாங்க."

"சரி தம்பி" என்றேன்.

பட்டான் நல்லவன். ஆனால் அவனுக்கு வண்டி நிற்கவே கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் நான் இறங்கியதும் ஹார்ன் அடிக்க ஆரம்பிப்பான். "ஜல்தி பாய், ஜல்தி!" முதல் வீட்டில் ஒரு பெரியவர் உள்ளே கையைக் காட்டினார். நான் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். பச்சைக் கதவு வீட்டில் அந்தம்மா தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றார். பற்றவைத்துக் கொடு என்று அர்த்தம். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதவன் மாதிரித் தகரத்தை வைத்துவிட்டு, தாளில் கட்டைவிரலை வாங்கிக்கொண்டு லாரிக்கு ஓடினேன்.

மத்தியானம் ரூமுக்கு வந்ததும் அவன் கேட்டான். "எல்லா வீட்லயும் நீலம் வந்துச்சாண்ணே?"

உள்ளே போகவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வந்துச்சு" என்றேன்.

"பச்சைக் கதவு வீட்ல?"

"வந்துச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நிம்மதியாகத் தூங்கினான். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு நாள் என்பதால் புதுப்புது வீடுகள். எல்லா வீட்டிலும் நீலம் வந்துவிட்டதாகவே சொன்னேன். முதல் பொய்க்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. கத்தரிக்கோல் என் பையில் கிடந்து தொடையைக் குத்தும். அவ்வளவுதான்.

பச்சைக் கதவு வீட்டுக்கு நான் மூன்றாவது முறை போன நாள், அந்த வருடத்திலேயே பெரிய குளிர். பனி பத்து மணியாகியும் விலகவில்லை. பட்டான் தலையை வெளியே நீட்டி, மணலில் சக்கரத் தடம் பார்த்து ஓட்டினான். அந்தம்மா அன்றைக்குத் தீப்பெட்டியை நீட்டவில்லை. தகரத்தைத் தானே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் துணி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

ரூமில் அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் தெளிவு வந்திருந்தது. கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். சாப்பாட்டுத் தட்டோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கை உறிஞ்சினான். சளி இன்னும் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தம்மா இன்னைக்குத் துணிய எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்துச்சு?"

சோற்றில் கை நின்றுவிட்டது. "கதவுக்கு அடியில" என்றேன்.

"மேல ஓட்டையில?"

தட்டைக் கீழே இறக்கி வைத்தேன்.

"எடுத்தீங்களாண்ணே?"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திட்டவில்லை. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஆணியில் பட்டான் மாட்டியிருந்த லாரிச் சாவியை எடுத்தான். நான் கையைக்கூடக் கழுவாமல் பின்னால் ஓடினேன்.

மத்தியான வேளையிலும் ரோடு தெரியவில்லை. ஹெட்லைட் போட்டால் வெள்ளைச் சுவர் ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. அவன் அந்தச் சுவருக்குள் ஓட்டிக்கொண்டே போனான். எங்கே திரும்ப வேண்டும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் போனோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில நாள் தூக்கத்தில் இன்னமும் அந்த லாரியில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

முற்றத்துப் பச்சைக் கதவு வழக்கம்போல் திறந்திருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அவன் படிக்கு வெளியே நின்று இருமினான். "யும்மா! யா ஹஜ்ஜி!" என்று இருவரையும் கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டான். மூன்றாவது தரமும் கூப்பிட்டான். கதவுக்கு நேராகக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். அந்த ஒரு சொல்லுக்காக நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தது. உள்ளேயிருந்து வா என்று சொல்லவேண்டியவர் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் அவனைத் தள்ளிக்கொண்டு போய்த் தோளால் கதவை இடித்தேன். ஒரு தரம், இரண்டு தரம். துணி திணித்திருந்த கதவு பாட்டில் மூடி கழல்வதுபோலத் திறந்துகொண்டது.

அடுப்புக்குள் தலையை விட்டதுபோலச் சூடு. அந்தச் சூட்டுக்கு நடுவில் சுடர் சின்னதாக, மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் சுவரில் சாய்ந்து, தாடை மார்பில் படக் கிடந்தார். அந்தம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், கையில் தீப்பெட்டி. நான் பெரியவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுபோனேன். அவன் ஹீட்டரை அணைத்தான். அந்த நேரத்திலும் அந்தம்மாவின் மேல் அவன் கை படவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டு, பாயின் இரண்டு முனைகளையும் பிடித்து, பாயோடு சேர்த்து அவரை முற்றத்துக்கு இழுத்து வந்தான்.

பனி இருவர் மேலும் இறங்கியது. பெரியவர்தான் முதலில் இருமினார். வாந்தி எடுத்தார். "யார்? யார்?" என்று கையால் காற்றைத் தடவினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். அந்தம்மா அசையவில்லை. அவன் பாயின் தலைமாட்டில் மண்டியிட்டு, "யும்மா, யும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சத்தமே இல்லாமல். உதடு மட்டும். நான் கும்பிடாத சாமி இல்லை.

பிறகு போர்வைக்குள் ஒரு கை அசைந்து மேலே வந்தது. தலைத்துணி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. அந்தம்மா கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்க்கவில்லை. அகலத் திறந்து கிடந்த அறைக் கதவைத்தான் பார்த்தார். ஈனக் குரலில் ஏதோ சொன்னார். பெரியவர் அதைக் கேட்டு இருமிக்கொண்டே சிரித்தார். சூடெல்லாம் போச்சு என்று அந்தம்மா சொன்னாராம்.

அவன் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அக்கம்பக்கத்தார் வந்து இருவரையும் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அவன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் டியூட்டிக்குத் திரும்பினான். முதல் வீட்டின் முன்னால் லாரியை நிறுத்தினான், இறங்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே."

போனேன். "தஃபத்தல்" என்று ஒரு குரல் கேட்டது. செருப்பைக் கழற்றினேன். திரியை வெட்டிப் பற்றவைத்துவிட்டுக் குந்திக்கொண்டேன். மஞ்சள் எழும்பி ஆடியது. புகை கண்ணில் ஏறியது. அந்த வீட்டுப் பெரியவர் எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். பழத்தைத் தின்று கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது. நிஜமாகவே எப்போது வந்தது என்று தெரியவில்லை.

ஓடிவந்து லாரியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்பான் என்று பார்த்தேன். இந்தத் தரம் உண்மையைச் சொல்லப்போகிறேன். அவன் ஒரு மூச்சை இழுத்துவிட்டு, கியரைப் போட்டான்.

அடுத்த வீட்டிலும் கேட்கவில்லை. பச்சைக் கதவு வீட்டில் துணியை ஜாடிக்குள்ளிருந்து கண்டுபிடித்து எடுத்துவிட்டு வந்தேன். அப்போதும் கேட்கவில்லை. அந்தக் குளிர் முழுக்க அவன் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பதிலைக் கையில் ஏந்திக்கொண்டு வருவேன். அவன் ஒரு மூச்சு இழுப்பான், கியரைப் போடுவான். என் வார்த்தைக்கு இனி அவனிடம் மதிப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். நியாயம்தானே. மற்றபடி அவன் மாறவில்லை. "சாப்பிட்டீங்களாண்ணே" என்பான். டீ போட்டுக் கொடுப்பான். அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குளிர் முடியும்போது அவனுக்கு அபுதாபிப் பக்கம் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி வேனுக்காகப் பெட்டியோடு கேம்ப் வாசலில் நின்றோம். வேன் தூரத்தில் திரும்புவது தெரிந்தபிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, அதுக்கப்புறம் நீ என்னைக் கேக்கவே இல்ல."

"எதைண்ணே?"

"நீலம் வந்துச்சான்னு."

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "கேக்கணுமாண்ணே? நீங்க வந்து பக்கத்துல உக்காந்தாலே தெரியுமே."

"எப்படி?"

"சும்மா ஊத்திட்டு மட்டும் வந்தா சட்டையில எரியாத பச்சை எண்ணெய் வாசம்தான் அடிக்கும். திரி மஞ்சளா எரியிறப்ப பக்கத்துல குந்திக் கெடந்தாத்தான் பொகை ஏறும். அந்தப் பெரிய பனி அன்னைக்குத்தான் எனக்கு மூக்கு திறந்துச்சு. கட்டில்ல வந்து உக்காந்தீங்க. பச்சை எண்ணெய்தான் அடிச்சுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேன் வந்து நின்றது. அவன் பெட்டியை ஏற்றினான். பிறகு திரும்பிவந்து, என் தோளில் மூக்கை வைத்து ஒருமுறை உறிஞ்சினான். "இப்ப எப்படிப் பொகையிது பாருங்க. ஊருக்குப் போறப்ப அண்ணி வீட்டுக்குள்ள விடாது" என்று சிரித்தான். ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

அடுத்த குளிருக்கு எங்கள் தெருக்களில் மண்ணெண்ணெய் நின்றது. அரசாங்கம் வயதானவர்களின் வீடுகளுக்குக் கரண்டு ஹீட்டர் கொடுத்தது. அதே பட்டான், அதே லாரி. டேங்குக்குப் பதிலாக அட்டைப் பெட்டிகள். பெட்டியைக் கொடுத்துக் கட்டைவிரலை வாங்கினால் போதும் என்றார் சூப்பர்வைசர்.

பச்சைக் கதவு வீட்டில் நான் வெளியே நின்று இருமினேன். "தஃபத்தல்" என்றார் பெரியவர். பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். அந்தம்மா இனித் துணியைப் பற்றி யாரும் பேச முடியாது என்று தெரிந்துகொண்டு, என் கண்ணெதிரிலேயே கதவிடுக்கை அடைத்தார். அடைக்கட்டும் என்று விட்டேன். பிறகு மனசு கேட்காமல் ஒரு விரல் அளவு இழுத்துவிட்டேன்.

பெரியவர் மூக்கைத் தூக்கிக் காற்றில் தேடினார். வாசம் இல்லை, சத்தம் இல்லை. அவர் முகத்தில் ஒரு கலவரம் வந்தது. "எரிகிறதா?" என்று கேட்டார்.

வெளியே பட்டான் ஹார்ன் அடித்தான். "ஜல்தி பாய்!"

நான் ஹீட்டருக்கு முன்னால் குந்தி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டேன். கம்பி இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. "இருங்க ஹஜ்ஜி" என்று தமிழிலேயே சொன்னேன். "சிவக்கட்டும்."